செலிபிரன்ட் கல்யாணமும் லயனல் மர்ஃபியும்

ஆஸ்திரேலியாவில் நம்மவர் வீடுகளில் இப்போது அடிக்கடி நடக்கும் பஞ்சாயத்து இது. பையனோ பெண்ணோ இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். துணையாக வருபவர் வேறு மதம், வேறு மொழி. அல்லது தமிழராகவே இருந்தாலும், புரியாத மந்திரம் எதுவும் வேண்டாம் என்பவர். செலிபிரன்டை வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறோம் என்கிறார்கள். பெற்றோர் காதில் அது, சும்மா ரிஜிஸ்டர் பண்ணிட்டு வந்துடுவாங்க என்று விழுகிறது. அம்மா அழுகிறார், அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார்.

உண்மையில் செலிபிரன்ட் என்பது ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு இன்னொரு பெயர் இல்லை. ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணத்தின் வறட்சி பிடிக்காமல்தான் ஒரு மனிதர் இந்த ஏற்பாட்டையே கொண்டுவந்தார். அவர் லயனல் மர்ஃபி. இந்த ஊர்க்காரர்களுக்கு அவர் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கோர்ட் வழக்கும் அரசியல் சர்ச்சையும்தான். நம்மில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது. ஆனால் இந்த நாட்டில் நடக்கும் பெரும்பாலான கல்யாணங்களில் அவர் கை இருக்கிறது.

1922 ஆகஸ்ட் 30 அன்று சிட்னியின் கென்சிங்டனில் பிறந்தார். அப்பா அயர்லாந்திலிருந்து வந்து ஹோட்டல் நடத்தியவர். ஐரிஷ் கத்தோலிக்கப் பின்னணி கொண்ட குடும்பம். ஆனால் மர்ஃபி பகுத்தறிவுவாதியாகத்தான் வாழ்ந்தார். சிட்னி பல்கலைக்கழகத்தில் முதலில் படித்தது வேதியியல், அப்புறம்தான் சட்டம். படித்தது ஒன்று, பார்க்கிற வேலை ஒன்று என்று நம்மில் பாதிப் பேர் இருக்கிறோமே, அந்த ரகம். ஆனாலும் அறிவியல் மேல் இருந்த காதல் கடைசிவரை போகவில்லை.

1947இல் வக்கீலானார். தொழிற்சங்க வழக்குகளில் பெயர் வாங்கினார். 1961 தேர்தலில் லேபர் கட்சி சார்பில் செனட்டுக்குத் தேர்வாகி, 1967இல் செனட்டில் கட்சித் தலைவரானார். 1972 டிசம்பரில், 23 வருஷம் எதிர்க்கட்சியாகவே இருந்த லேபர், விட்லம் தலைமையில் ஆட்சிக்கு வந்தது. மர்ஃபி அட்டர்னி ஜெனரல் ஆனார்.

அந்தப் பதவியில் இருந்தது இரண்டு வருஷம் சொச்சம்தான். அதற்குள் செய்தவற்றையும், கிளப்பிவிட்ட புழுதியையும் நினைத்தால் மூச்சு வாங்குகிறது. 1973 மார்ச்சில் போலீஸைக் கூட்டிக்கொண்டு தன் பொறுப்பிலிருந்த உளவுத்துறையின் மெல்பர்ன் தலைமையகத்துக்கே போய் இறங்கினார். அது ஆட்சிக்குப் பெரிய தலைவலியானது. பசிபிக்கில் பிரான்ஸ் அணுகுண்டு சோதிப்பதை எதிர்த்து சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாவுக்காக வாதாடினார். மத்திய அரசின் சட்டங்களில் மரண தண்டனை ஒழிந்தது. நுகர்வோர் பாதுகாப்பு, சட்ட உதவி என்று அடுத்தடுத்து வந்தன. ஆனால் சத்தமே இல்லாமல் அவர் செய்த ஒரு காரியம்தான் நம் கதைக்கு வேண்டியது.

அப்போது இங்கே கல்யாணம் செய்ய இரண்டே வழி. ஒன்று சர்ச் அல்லது வேறு வழிபாட்டுத் தலம். இல்லையென்றால் ரிஜிஸ்டர் ஆபீஸ். சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் எங்கே போவது? கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் காதலித்தால் எந்த சர்ச்சில் நிற்பது? விவாகரத்தானவர் மறுமணம் செய்ய கத்தோலிக்க சர்ச்சில் இடமே கிடையாது. இவர்கள் எல்லோருக்கும் மிச்சமிருந்தது அரசாங்க கவுன்டர்தான். ஆபீஸ் நேரத்தில் போகணும், கூட நாலு பேர் நிற்கலாம், அதிகாரி ஒரு வாசகத்தைப் படிப்பார், கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அடுத்த ஜோடி வெளியே காத்திருக்கும். வண்டி லைசன்ஸ் வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

மர்ஃபிக்கே முதல் கல்யாணம் விவாகரத்தில் முடிந்து, 1969இல் மறுமணம் செய்துகொண்டவர்தான். அதனால்தான் இதைச் செய்தார் என்று நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்தக் கவுன்டருக்கு முன்னால் நிற்கிறவர்கள் அவருக்கு அந்நியர்களாகத் தெரிந்திருக்க மாட்டார்கள்.

இதற்காக அவர் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1961ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தில், தகுதியானவர் என்று கருதும் ஒருவருக்குத் திருமணம் நடத்திவைக்கும் அதிகாரத்தை அட்டர்னி ஜெனரல் தரலாம் என்று ஒரு சின்னப் பிரிவு ஏற்கெனவே இருந்தது. யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பழைய மென்பொருளில் யாரும் பயன்படுத்தாத ஒரு வசதி கிடக்குமே, அப்படி. மர்ஃபி அதை எடுத்தார். மத குருவும் இல்லாமல், அரசு அதிகாரியும் இல்லாமல், சாதாரணக் குடிமக்கள் கல்யாணம் நடத்திவைக்கலாம் என்றார். அதிகாரிகளுக்கும் அவருடைய சொந்த ஆபீஸ் ஆட்களுக்கும் இது பிடிக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி எல்லோரும் போன பிறகு, தானே டைப்ரைட்டரில் நியமனக் கடிதத்தை அடித்து, கவரும் ஸ்டாம்பும் தேடி எடுத்து ஒட்டி, தானே தபால் பெட்டியில் போட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கடிதம் போனது குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த லோயிஸ் டார்சி என்ற இளம் பெண்ணுக்கு. தேதி 1973 ஜூலை 19. நாட்டின் முதல் சிவில் செலிபிரன்ட் அவர்தான். பெண்களைப் பாதிரியார் ஆக்க பெரிய சர்ச்சுகள் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது.

மர்ஃபி இதை மதத்துக்கு எதிரான ஆயுதமாக நினைத்திருந்தால் ரிஜிஸ்டர் ஆபீஸே போதும் என்று விட்டிருப்பார். அவர் கேட்டது வேறு. சர்ச்சில் கல்யாணம் செய்பவருக்குக் கிடைக்கும் அழகும் மரியாதையும், நினைத்துப் பார்க்க ஒரு நாளும், சர்ச்சுக்குப் போகாதவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? பூவும் பாட்டும் கவிதையும், ஊர் கூடி நிற்பதும் கடவுளை நம்புகிறவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா?

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். நம்ம ஊர் கதை இதற்கு நேர் தலைகீழ். சுயமரியாதைத் திருமணத்தில் மேடை இருந்தது, மாலை இருந்தது, தலைமை தாங்க ஆள் இருந்தது, வாழ்த்துரை மணிக்கணக்கில் இருந்தது. சட்டம்தான் இல்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு திருமணம் செல்லாது என்றே சொல்லிவிட்டது. அந்த முறையில் மணந்தவர்கள் எல்லோருக்கும், அவர்கள் பிள்ளைகளின் சொத்துரிமைக்கும் அது இடி. அண்ணா முதல்வரான பிறகு 1967இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்துதான், ஏற்கெனவே நடந்தவையும் சேர்ந்து செல்லுபடியாயின. அங்கே சடங்கு இருந்தது, சட்டம் பின்னால் வந்தது. இங்கே சட்டம் இருந்தது, சடங்கைப் பின்னால் சேர்த்தார்கள். ஆறு வருஷ இடைவெளியில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஊர்களில்.

கல்யாணத்தைத் திறந்துவிட்ட அதே மனிதர்தான் விவாகரத்தையும் மாற்றினார். அதற்கு முன் பிரிய வேண்டுமென்றால் பெரும்பாலும் கள்ள உறவு, கொடுமை, குடி என்று துணையின் மேல் ஒரு குற்றத்தை கோர்ட்டில் நிரூபிக்கணும். அதற்காகத் துப்பறிவாளரை வைத்து ஓட்டல் அறைகளில் போட்டோ எடுத்த காலம். மர்ஃபி கொண்டுவந்த குடும்பச் சட்டம், பன்னிரண்டு மாதம் பிரிந்து வாழ்ந்தால் போதும் என்றது. கல்யாணத்தையே அழிக்கிறார் என்று எதிர்ப்பு. 1975இல் நிறைவேறி, 1976 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்போது அவர் அமைச்சராக இல்லை.

1975 பிப்ரவரியில் அவர் ஹைகோர்ட் நீதிபதியாகிவிட்டார். பெயர்தான் ஹைகோர்ட், நம்ம ஊர் சுப்ரீம் கோர்ட் மாதிரி. அங்கேயும் அவர் பெரும்பாலும் தனி ஆள். மதப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் தரலாமா என்ற 1981ஆம் ஆண்டு வழக்கில், கூடாது என்று எழுதிய ஒரே நீதிபதி அவர்.

கடைசிக் காலம் நிம்மதியாக இல்லை. நண்பரான ஒரு வக்கீலின் வழக்கில் தலையிட முயன்றார் என்று குற்றச்சாட்டு. 1985இல் ஒரு ஜூரி குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1986 ஏப்ரலில் மறுவிசாரணையில் விடுதலை. அதன் பிறகும் நாடாளுமன்றம் தனி விசாரணை வைத்தது. அதற்குள் குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று தெரிந்ததால் அது பாதியில் நின்றது. அவர் மீண்டும் கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்தார். அந்த அக்டோபர் 21ஆம் தேதி இறந்தார். வயது 64. சந்தேகங்கள் முழுசாகத் தீரவில்லை என்பவர்கள் இன்றும் உண்டு. அவரை மகானாக்க நான் இதை எழுதவில்லை.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. வெடித்துச் சிதறிய நட்சத்திரம் ஒன்றின் மிச்சத்துக்கு கான்பெரா வானியலாளர்கள் அவர் பெயரை வைத்தார்கள். அவருடைய அறிவியல் ஆர்வத்துக்கு மரியாதை ஒரு காரணம். அதன் வடிவம், பத்திரிகை கார்ட்டூனில் வரும் அவருடைய பெரிய மூக்கைப் போலவே இருந்தது இன்னொரு காரணம்.

1999இல் முதல் தடவையாக ஆஸ்திரேலியாவில் மதத் திருமணங்களைவிட செலிபிரன்ட் திருமணங்கள் அதிகமாயின. இப்போது ஐந்தில் நான்கு அப்படித்தான் நடக்கிறது. பூங்கா, கடற்கரை, வீட்டுக் கொல்லைப்புறம், எங்கேயும் நடத்தலாம். சட்டம் கட்டாயமாகக் கேட்கும் வாசகங்கள் ஓரிரு நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க உங்களுடையது. தாலி கட்டலாம், கூறைப் புடவை மாற்றி வரலாம், திருக்குறள் படிக்கலாம், நாதஸ்வரம் வைக்கலாம். தாலி என்றால் என்ன என்று மாப்பிள்ளை வீட்டு ஆங்கிலேயப் பாட்டிக்கு செலிபிரன்டே விளக்கிச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டி அளவுக்கு அந்த நாளைக் கவனித்தவர் அந்த மண்டபத்தில் யாருமில்லை.

ஆக, வீட்டில் அழுகிற அம்மாவிடம் சொல்ல வேண்டியது, எதையும் விடச் சொல்லவில்லை என்பதுதான். எது வேண்டும் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதலாம். ஐயரும் இருக்கட்டும் என்றால் அதற்கும் தடையில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: திருமண நோட்டீஸ் படிவம் குறைந்தது ஒரு மாதம் முன்பே செலிபிரன்ட் கையில் இருக்கணும், 18 வயது நிரம்பிய சாட்சிகள் இரண்டு பேர் வேணும். மண்டபம் பிடித்து, கேட்டரிங் சொல்லி, போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதைத் தேடாதீர்கள்.