'லாக்' போட்ட ப்ராசஸரை ஓவர்க்ளாக் செய்யலாமா? திருப்பூர்க்காரர்களுக்கு ஜி.டி.நாயுடு வாழ்க்கை சொல்லும் பதில்!

திருப்பூரில் 'ஓவர்லாக்' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பனியன் ஓரம் அடிக்கும் மெஷின். ஆனால் இப்போது டிசைன் செக்‌ஷன்களில் அடிபடுவது இன்னொரு வார்த்தை: 'ஓவர்க்ளாக்'. கம்ப்யூட்டரின் ப்ராசஸரை, கம்பெனி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட வைப்பதுதான் அது.

பிரிண்ட் டிசைன், எம்ப்ராய்டரி பஞ்சிங், பேட்டர்ன் மார்க்கர் என்று நாள் முழுக்க கம்ப்யூட்டர் ஓடும் ஊர் இது. சாம்பிளுக்கு பையர் காத்திருக்க, சிஸ்டம் மெதுவாக இழுத்தால் யாருக்கும் கடுப்புதான் வரும். புது சிஸ்டம் வாங்கப் பணம் வேண்டும். இருக்கிற ப்ராசஸரோ 'லாக்' செய்யப்பட்ட மாடல். அந்த லாக்கை உடைக்கலாமா? உடைத்தால் ஆபத்தா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, கம்ப்யூட்டரையே தொடாத ஒருவரின் வாழ்க்கை உதவும். மூடி வைத்த மெஷினைத் திறந்து பார்த்தே பெரிய ஆளானவர் அவர். அவர்தான் ஜி.டி.நாயுடு.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோபால்சாமி துரைசாமி நாயுடு. பிறந்தது 1893 மார்ச் 23. ஊர், சூலூர் பக்கத்தில் உள்ள கலங்கல். அங்கிருந்து பல்லடம் கூப்பிடு தூரம்தான். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றுபோனது.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பக்கம் மோட்டார் சைக்கிள் வருவதே அதிசயம். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிளில் வந்து போனதைப் பார்த்த நாயுடுவுக்கு, அதை வாங்கியே ஆக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. கையில் காசு இல்லை. கோவைக்குப் போனார். ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த சில நூறு ரூபாயைக் கொடுத்து வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஊர் சுற்றுவதோடு நிற்கவில்லை. வண்டியை முழுசாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்று பார்த்தார். பிறகு திரும்ப மாட்டினார். அவருடைய இன்ஜினியரிங் காலேஜ் அந்த வண்டிதான்.

திருப்பூரில் ஜெயித்து, பம்பாயில் தோற்றார்

பலருக்குத் தெரியாத விஷயம், நாயுடுவின் ஆரம்ப கால வியாபாரத்தில் திருப்பூருக்கும் பங்கு உண்டு என்பது. முதல் உலகப் போர் சமயத்தில் பருத்தி வியாபாரம் சூடு பிடித்திருந்தது. திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிய அவர் நல்ல லாபம் பார்த்தார். அதே வேகத்தில் பம்பாய் சந்தைக்குப் போனார். அங்கே சம்பாதித்ததை எல்லாம் இழந்து வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

உள்ளூர்ச் சந்தையில் கைகொடுத்த வேகம், பெரிய சந்தையில் காலை வாரிவிட்டது. எல்லை தெரியாமல் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை அவர் மெஷினில் கற்கும் முன்பே பணத்தில் கற்றுக்கொண்டார்.

ஒரே ஒரு பஸ்... பிறகு 280!

அந்த நேரத்தில் கை கொடுத்தவர் கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவருடைய உதவியோடு 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். டிரைவரும் அவரேதான்.

அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1933 வாக்கில் சுமார் 280 பஸ்கள் இருந்தன.

இத்தனை பஸ்ஸை வைத்துக்கொண்டு லாபம் பார்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு வண்டியும் அதிக நேரம் ரோட்டில் ஓட வேண்டும். ஆனால் இன்ஜினை விரட்டினால் சூடேறும். ரேடியேட்டர் கொதிக்கும். வண்டி நடுவழியில் நிற்கும். நாயுடு இதற்கு என்ன செய்தார்? டிரைவரைத் திட்டவில்லை. ரேடியேட்டர் சூட்டைக் குறைக்க வழி தேடினார், இன்ஜின் அதிர்வை அளந்து பார்க்கக் கருவி செய்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

சூட்டை முதலில் அடக்கு, அதிர்வை அள, அப்புறம் வேகம். இன்று ப்ராசஸருக்கும் இதே வரிசைதான்.

சரி, ப்ராசஸரில் 'லாக்' என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். ப்ராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று பேஸ் க்ளாக், பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று மல்டிப்ளையர். 100-ஐ 40-ஆல் பெருக்கினால் 4,000 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4 கிகாஹெர்ட்ஸ்.

இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், பெயரின் கடைசியில் 'கே' எழுத்து இருக்கும் மாடல்களில் மல்டிப்ளையரை நாமே கூட்டலாம். 'கே' இல்லாத பெரும்பாலான மாடல்களில் அது பூட்டப்பட்டிருக்கும். ஏ.எம்.டி.யின் ரைசன் டெஸ்க்டாப் மாடல்களில் பெரும்பாலானவை பூட்டு இல்லாமலே வருகின்றன.

மல்டிப்ளையர் பூட்டியிருந்தால் மிச்சம் இருக்கும் வழி பேஸ் க்ளாக்கைக் கூட்டுவது. இங்கேதான் சிக்கல். பல மதர்போர்டுகளில் அதே க்ளாக்கை நம்பித்தான் கிராபிக்ஸ் கார்டு, ஸ்டோரேஜ் போன்ற மற்ற பாகங்களும் ஓடுகின்றன. ஒரே பெல்ட்டில் நாலு மெஷின் ஓடினால், ஒன்றின் வேகத்தை மட்டும் தனியாகக் கூட்ட முடியாதே? அதே கதைதான். கொஞ்சம் அதிகமாகப் போனாலும் சிஸ்டம் ஹேங் ஆகலாம், ஃபைல் கெட்டுப் போகலாம்.

2015 கடைசியில் சில மதர்போர்டு கம்பெனிகள் பயாஸ் மூலமாகவே லாக் மாடல்களை ஓவர்க்ளாக் செய்ய வழி திறந்தன. 2016 தொடக்கத்திலேயே இன்டெல் அப்டேட் மூலம் அந்தக் கதவை மூடப் பார்த்தது. 2022-ல் தனி க்ளாக் ஜெனரேட்டர் வைத்த சில போர்டுகளில் 12-ம் தலைமுறை லாக் மாடல்களையும் மக்கள் ஓவர்க்ளாக் செய்தார்கள். ஆனால் எல்லா போர்டிலும் இது நடக்காது.

மற்ற பாகங்களைத் தொந்தரவு செய்யாமல் 100-ஐ 103 ஆக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். 60 நிமிஷம் ஓடும் வேலை சுமார் 58 நிமிஷத்தில் முடியும். அவ்வளவுதான். அந்த 2 நிமிஷத்துக்காக ஒரு வார டிசைன் ஃபைலைப் பணயம் வைக்கலாமா? இதுதான் கணக்கு.

பீளமேட்டு மோட்டாரும் 2,000 ரூபாய் காரும்

மறுபடியும் நாயுடுவிடம் வருவோம். பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-ல் பீளமேட்டில் இருந்த அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் என்று அது சொல்லப்படுகிறது. மோட்டார், பம்ப் என்றாலே கோவை என்ற பெயர் வந்ததற்கு அது ஒரு தொடக்கப் புள்ளி. அந்த பாலசுந்தரம் நாயுடுதான் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

பேட்டரியில் ஓடும் சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவருடைய பட்டியல் நீளம். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே தயாரிக்க முடியும் என்று 1941-ல் அறிவித்தார்.

1952-ல் வந்தது இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார். விலை வெறும் 2,000 ரூபாய். ஆனால் தேவையான லைசென்ஸை அரசு தரவில்லை. கார் உற்பத்தி அதோடு நின்றது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கணும். பூட்டில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மனிதன் போட்ட பூட்டு. லைசென்ஸ் அப்படிப்பட்டது. ப்ராசஸரின் மல்டிப்ளையர் லாக்கும் பெரும்பாலும் விலை மாடலைப் பிரிப்பதற்காகக் கம்பெனி போட்டதுதான். இன்னொன்று இயற்கை போட்ட பூட்டு. அது சூடு. முதல் பூட்டை நாயுடு கேள்வி கேட்டார், எதிர்த்தார், சில இடங்களில் தோற்றார். இரண்டாவது பூட்டோடு அவர் சண்டை போடவில்லை. அளந்து, குளிர வைத்து, அதோடு ஒத்துப்போனார்.

சூட்டுக் கணக்கு என்ன?

ப்ராசஸரின் வேகத்தை 10 சதவீதம் கூட்ட, வோல்டேஜையும் 10 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், அது இழுக்கும் மின்சாரம் சுமார் 33 சதவீதம் கூடும். காரணம், வேகம் ஒரு மடங்காகவும் வோல்டேஜ் இரண்டு முறை பெருக்கப்பட்டும் கணக்கில் சேர்கின்றன. அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும்.

பல இன்டெல் டெஸ்க்டாப் மாடல்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது சூட்டை அடக்காமல் வேகத்தைக் கூட்டினால், பழைய வேகமும் போய்விடும்!

திருப்பூரில் எது பாதுகாப்பான வழி?

1. முதலில் பஞ்சை எடுங்க: நிட்டிங், கட்டிங் பக்கத்தில் இருக்கும் சிஸ்டத்தில் பஞ்சுத் தூசி ஹீட்சிங்கை போர்வை மாதிரி மூடிவிடும். பவரை நிறுத்தி, ஃபேனை அசையாமல் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்தாலே இழந்த வேகம் திரும்பலாம்.

2. சூட்டை அளக்கவும்: வெப்பநிலை காட்டும் சாஃப்ட்வேர் போட்டு, முழு வேலை ஓடும்போது எத்தனை டிகிரி என்று குறித்து வையுங்கள். அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது.

3. பேஸ்ட், கூலர்: காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். கூடவே வந்த சின்ன கூலருக்குப் பதில் நல்ல கூலர் மாட்டினால், லாக் மாடலே தன் டர்போ வேகத்தில் அதிக நேரம் ஓடும். லாக்கை உடைக்காமல் கிடைக்கும் வேகம் இது.

4. மெமரியைப் பாருங்க: ஒரே ஸ்டிக் ரேம் இருந்தால், பொருத்தமான இரண்டாவது ஸ்டிக் போட்டு டூயல் சேனலில் ஓட்டலாம். ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் சிஸ்டத்துக்கு எஸ்.எஸ்.டி. மாற்றினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

5. அதற்குப் பிறகும் ஓவர்க்ளாக் வேண்டும் என்றால்: ஃபைல்களை வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். பேஸ் க்ளாக்கை ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸாக மட்டும் கூட்டி, ஒவ்வொரு முறையும் பல மணி நேரம் சோதியுங்கள். வோல்டேஜைத் தொடாதீர்கள். வாரண்டி போகலாம் என்பது நினைவிருக்கட்டும். ஆர்டர் ஓடும் சிஸ்டத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

கற்றதைக் கொடுத்தவர்

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளில் இருந்து விலகிய நாயுடு, ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலன் என்று கவனத்தைத் திருப்பினார். 1945-ல் கோவையில் அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இன்ஜினியரிங் படிப்பை இத்தனை ஆண்டுகள் இழுக்கத் தேவையில்லை, குறைந்த காலத்தில் கையால் செய்து கற்கலாம் என்பது அவர் கட்சி. அதை அன்றைய அரசு ஏற்காததால் பொறுப்பில் இருந்து விலகினார்.

பருத்தி, பப்பாளி, சோளம் என்று விவசாய ஆராய்ச்சியிலும் அவர் கை வைத்தார். சர் சி.வி.ராமன், விஸ்வேஸ்வரய்யா போன்றவர்கள் அவருடைய பண்ணையை வந்து பார்த்தார்கள்.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு காலமானார். கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. திருப்பூரில் இருந்து கோவை விமான நிலையம் தாண்டிப் போகிற யாரும் அந்தப் பெயரைப் பார்க்காமல் போக முடியாது.

மெஷினைத் திறந்து பாருங்கள், தப்பே இல்லை. ஆனால் திறப்பதற்கு முன் பவரை நிறுத்துங்கள், பேக்கப் எடுங்கள், சூட்டை அளந்து வையுங்கள்.