வால்டர் எலியட்

சர் வால்டர் எலியட் (16 சனவரி 1803 – 1 மார்ச் 1887) சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய ஸ்காட்லாந்து நாட்டு ஆட்சி அலுவலர் ஆவார். தென்னிந்தியப் பழங்காசுகளை வரலாற்றுச் சான்றாக முறைப்படி ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். கல்வெட்டு, தொல்லியல், விலங்கியல், தாவரவியல் ஆகிய துறைகளிலும் இவர் பெயர் இடம்பெற்றுள்ளது. எனினும் இவற்றுள் எதுவும் இவருடைய தொழில் அன்று. அனைத்தும் ஓய்வு நேரத்து ஆர்வத்தின் விளைவுகளே.

பிறப்பும் பணியும்

எலியட் எடின்பரோ நகரில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலர்களைப் பயிற்றுவித்த எய்லிபரிக் கல்லூரியில் பயின்று, 1821-ஆம் ஆண்டு சென்னை வந்து சேர்ந்தார். முதலில் சேலம் மாவட்ட ஆட்சியரின் உதவியாளராக அமர்த்தப்பட்டார். கொங்கு நாட்டில் இவர் பணியாற்றியது இக்குறுகிய காலம் மட்டுமே. விரைவிலேயே தென் மராட்டியப் பகுதிக்கு மாற்றப்பட்டு, தார்வாரில் பணியேற்றார்.

1824-இல் கித்தூர் அரசி சென்னம்மா கம்பெனிக்கு எதிராகப் போரிட்டபோது, மேலதிகாரியான தாக்கரே கொல்லப்பட்டார். எலியட்டும் மற்றோர் அலுவலரும் சிறைப்பிடிக்கப்பட்டுப் பல வாரங்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டனர்.

தார்வார்ப் பகுதியில் இருந்த காலத்தில் கோயில்களிலும் ஊர்ப்புறங்களிலும் கிடந்த கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். இவ்வாறு சேர்ந்த படிகள் 595. சாளுக்கியர் வரலாற்றை ஆராய்ந்த பின்வந்தோர்க்கு இத்தொகுப்பு அடிப்படையாக அமைந்தது. காசுகளைப் படிக்கத் தேவையான பழைய எழுத்துப் பயிற்சியும் அரசமரபுகள் பற்றிய அறிவும் இப்பணியிலிருந்தே இவருக்குக் கிட்டின எனலாம்.

பின்னர் சென்னை ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவின் தனிச்செயலராகவும், வட சர்க்கார் பகுதியின் ஆணையராகவும், 1854 முதல் ஆளுநரின் ஆலோசனைக் குழு உறுப்பினராகவும் இருந்தார். கம்பெனி ஆட்சி முடிவுற்று விக்டோரியா அரசியின் நேரடி ஆட்சி தொடங்கியதை அறிவிக்கும் சாற்றுரையை 1858 நவம்பர் 1 அன்று சென்னையில் படித்தவர் இவரே. 1860-இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார்.

காசுகள் கிடைத்த வழி

அக்காலத்தில் பொற்காசுகளுக்கு அவற்றின் பொன் மதிப்பாவது இருந்தது. செப்பு, வெண்கல, ஈயக் காசுகளுக்கு அதுவும் இல்லை. தேய்ந்து, பச்சைக் களிம்பு ஏறி, எழுத்தும் புலப்படாத சிறு தகடுகளை எவரும் பேணவில்லை.

சோழமண்டலக் கடற்கரையில் இக்காசுகள் கைமாறிய விதத்தை எலியட் விளக்கமாகப் பதிவு செய்துள்ளார். நெல்லூரிலிருந்து கடலூர், புதுச்சேரி வரையுள்ள மீனவர் குப்பங்களை ஒட்டிய மணல்மேடுகளில், பெருங்காற்றோ கனமழையோ ஓய்ந்த பின் மெல்லிய செப்புக்காசுகள் வெளிப்படும். மீனவப் பெண்களும் சிறுவர்களும் அவற்றை ஈயத்துண்டு, ஆணி, மணி போன்ற சில்லறைப் பொருள்களோடு சேர்த்துப் பொறுக்குவர். ஊர் ஊராகச் செல்லும் லெப்பை, மரக்காயர் வணிகர்கள் வீட்டுக்கு வேண்டிய பொருள்களைக் கொடுத்து அவற்றை மாற்றிக்கொள்வர். அவர்களிடமிருந்து அவை கன்னாரிடமும் செம்புக்கொட்டிகளிடமும் சென்று சேரும். அடுத்த கட்டம் மூசை. அதற்குப் பின் அது குடமாகவோ குத்துவிளக்காகவோ ஆகிவிடும்.

காசு சேர்ப்போர் செய்யக்கூடியது இச்சங்கிலியில் எங்கேனும் ஓரிடத்தில் குறுக்கிட்டு, உலைக்குச் செல்லும் முன் காசை வாங்கிவிடுவதே. எனினும் இதில் பெருங்குறை ஒன்று உண்டு. கன்னார் கடையில் வாங்கப்பட்ட காசு எவ்வூர் மண்ணில் கிடைத்தது என்பது பெரும்பாலும் மறைந்துவிடும். அரசனின் பெயர் பொறிக்கப்படாத காசுக்குக் கிடைத்த இடமே பாதி முகவரி. எலியட்டின் பதிவு இன்றும் மதிக்கப்படுவதற்குக் காரணம், அவர் காசின் உருவத்தோடு நின்றுவிடாமல் எப்பகுதியில் எவ்வகைக் காசுகள் மிகுதி என்பதையும் குறித்து வைத்தமையே.

1878-இல் இயற்றப்பட்ட புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றது. பொன், வெள்ளிப் புதையல்களை இது ஓரளவு காத்தது. தனியாகக் கிடைத்த செப்புக்காசு பத்து ரூபாய் பெறுவது ஏது?

பகிர்ந்து கொண்டோர்

எலியட்டின் காலத்தில் நாணய ஆய்வு பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்திருக்கவில்லை. ஆட்சியர், நீதிபதி, படை அலுவலர், மருத்துவர், சமயப் பணியாளர் எனப் பலதரப்பட்ட ஆர்வலர்கள் தம்மிடமுள்ள காசுகளின் விவரங்களைக் கடிதம் வழியே பரிமாறிக்கொண்டனர். சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் ஆய்விதழ் இவர்களின் பொதுமேடையாக இருந்தது. 1850களின் இறுதியில் எலியட் தம் நாணயவியல் குறிப்புகளை அவ்விதழில் வெளியிட்டார். முத்திரைக் காசுகளும் ஆந்திரப் பகுதியின் ஈயக் காசுகளும் அவற்றில் ஆராயப்பட்டன.

எலியட் காசுகளை மட்டும் பகிர்ந்துகொள்ளவில்லை. வளர்ப்புப் புறாக்கள், கோழிகள் ஆகியவற்றின் வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்த சார்லஸ் டார்வின் 1856-இல் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அப்பறவைகளின் தோல்களை அனுப்பி உதவினார். தென்னிந்தியக் காடுகளில் வாழும் மூங்கில் அணத்தான் என்னும் சிறு விலங்கின் அறிவியல் பெயரில் எலியட்டின் பெயர் இடம்பெற்றுள்ளது.

அமராவதிச் சிற்பங்கள்

1845-இல் கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள அமராவதியில் (இது ஆந்திர மாநிலத்து ஊர்; கரூர் வழியே ஓடும் அமராவதி ஆற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது) பௌத்தத் தூபியின் ஒரு பகுதியை எலியட் அகழ்ந்தார். அங்கு கிடைத்த சிற்பப் பலகைகள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்தன. 1859-இல் அவற்றுள் பெரும்பகுதி இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டது. அங்கும் உடனடியாக அவை போற்றப்படவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னரே, 1880-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தன. எலியட் பளிங்குகள் என்றே அவை நெடுங்காலம் அழைக்கப்பட்டன.

அகழ்ந்தெடுத்ததால் சிற்பங்கள் காப்பாற்றப்பட்டன என்பது ஒரு பார்வை. இடம்பெயர்த்ததால் தூபியின் அமைப்பை அறியும் வாய்ப்பு குலைந்தது என்பது மற்றொரு பார்வை. இரண்டிலும் உண்மை உண்டு. கிடைத்த இடத்தின் அருமையைக் காசுகளில் நன்கு உணர்ந்த ஒருவர், கற்சிற்பங்களில் அதே அக்கறையைக் காட்டினார் என்று சொல்ல முடியவில்லை.

தென்னிந்திய நாணயங்கள் நூல்

தாயகம் திரும்பிய பின்னும் எலியட் ஆய்வைக் கைவிடவில்லை. 1866-இல் சர் பட்டமும், 1878-இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பாண்மையும் பெற்றார். முதுமையில் இவருடைய கண்பார்வை மங்கி, ஏறக்குறைய முற்றிலும் இழந்த நிலை ஏற்பட்டது. நாணய ஆய்வாளருக்குக் கண்ணும் விரல்நுனியுமே கருவிகள். அந்நிலையிலும் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய தம் பெருநூலை முடித்து, 1880களின் நடுவில் இலண்டனில் வெளியிட்டார்.

முத்திரைக் காசுகளில் தொடங்கி ஆந்திரர், பல்லவர், சாளுக்கியர், சேரர், சோழர், பாண்டியர் என்று அரசமரபு வாரியாகக் காசுகளை இந்நூல் வகைப்படுத்துகிறது. புலி, மீன், வில் ஆகிய சின்னங்களைத் துணைகொண்டு தமிழ் மூவேந்தர் காசுகளைப் பிரித்தறிய முயல்கிறது. ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் இராசராசன் பெயரும் கொண்ட சோழர் செப்புக்காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைப்பவை. அவையும் இதில் ஆராயப்பட்டுள்ளன.

இவருடைய முடிவுகள் அனைத்தும் நிலைபெறவில்லை. கடற்கரையில் கிடைத்த, இரண்டு பாய்மரக் கப்பல் பொறித்த காசுகளைக் குறும்பர் அல்லது பல்லவருடையவை எனக் கருதினார். கப்பல் காசுகளுள் ஒரு பிரிவு சாதவாகனருடையது எனப் பின்வந்தோர் கண்டனர். சங்ககாலப் பாண்டியரின் யானை பொறித்த சதுரச் செப்புக்காசுகளின் காலம் தெளிவுபட மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. தமிழ்ப் பிராமி எழுத்தில் பெருவழுதி என்ற பெயர் பொறித்த காசை, தினமலர் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி (மறைவு 2021) 1980களில் கண்டறிந்து வெளியிட்ட பின்னரே அக்காலக் கணிப்பு உறுதி பெற்றது. அவரும் தொழிலால் இதழாளர், ஆர்வத்தால் நாணயவியலாளர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

எலியட்டின் நூலைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் பாண்டியர் காசுகள் பற்றி டிரேசியும், திருநெல்வேலிக் காசுகள் பற்றி லோவெந்தாலும் எழுதினர். இருவரும் சமயப் பணியாளர்கள். 1889-இல் படை அலுவலரான டஃப்னெல், புதிதாகக் காசு சேர்க்கத் தொடங்குவோர்க்கான கையேடு ஒன்றை வெளியிட்டார்.

கொங்கு நாட்டுச் சூழல்

எலியட்டின் வாழ்நாளிலேயே நொய்யல் கரை நாணயவியல் வரைபடத்தில் இடம்பெற்றுவிட்டது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் 522 உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகசுடசு, திபேரியசு ஆகிய பேரரசர்களின் காசுகள் அவற்றில் மிகுதி. 1913-இல் கத்தாங்கண்ணியிலும் உரோமானியக் காசுப் புதையல் கிடைத்தது. வெள்ளலூரிலிருந்து ஆற்றோடு கீழே வந்தால் சாமளாபுரம். மேலும் கிழக்கே, வணிகமும் மணித்தொழிலும் இரும்புத்தொழிலும் சிறந்திருந்த கொடுமணல்.

இப்பகுதியின் வெள்ளிப் புதையல்கள் ஏடுகளில் பதிவாகியுள்ளன. உழவிலும் கிணறு வெட்டுகையிலும் ஒன்றிரண்டாகக் கிடைத்த செப்புக்காசுகளுக்கு அத்தகைய பதிவு அரிது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளும் சிறிய உரோமானிய வெண்கலக் காசுகளும் 20-ஆம் நூற்றாண்டில் ஆர்வலர்களின் கைக்கு வந்த பின்னரே ஆய்வுக்குள் நுழைந்தன. நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளை நாட்டுக்கு வெளியே தனியார் கொண்டுசெல்வது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. எலியட்டின் காலத்தில் அத்தகைய தடை எதுவும் இல்லை.

மறைவு

எலியட் 1887 மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்தின் ரோக்ஸ்பரோ பகுதியில் தம் குடும்பத்துக்குரிய உல்ப்லீயில் காலமானார். அன்று காலையிலும் தமிழறிஞர் ஜி. யு. போப்புக்குத் தமிழ் நூல்கள் தொடர்பாக ஒரு கடிதத்தைப் பிறரைக்கொண்டு எழுதச் செய்து, தம் கையால் ஒப்பமிட்டார்.

இவர் சேர்த்த தென்னிந்தியக் காசுகள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. 1908-இல் ராப்சன் வெளியிட்ட அவ்வருங்காட்சியகத்தின் ஆந்திரர் நாணயப் பட்டியலில், காசுகள் பலவற்றின் எதிரே அவை வந்த வழியாக எலியட்டின் பெயர் குறிக்கப்பட்டுள்ளது.