நோர்மன் பெத்தியூன்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1890 மார்ச் 4 ஆம் திகதி நோர்மன் பெத்தியூன் பிறந்தார். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலும்போது முதலாம் உலகப்போர் மூண்டது. படிப்பை இடைநிறுத்திப் படையிற் சேர்ந்து, காயமுற்றோரைச் சுமக்கும் பணியில் ஈடுபட்டார். 1915 இல் தாமும் காயமடைந்து நாடு திரும்பி, 1916 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1926 இல் காசநோய்க்கு ஆளாகி மீண்டபின், மொன்றியலில் நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணராகப் புகழ்பெற்றார்.

1936 இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது மட்றிட் நகருக்குச் சென்றார். காயமுற்றோர் பலர் மருத்துவமனையை அடையுமுன்னரே குருதியிழப்பால் இறந்தனர். எனவே, குருதியைப் போத்தல்களிற் குளிரூட்டிப் பேணி, வாகனத்தில் போர்முனைக்கே கொண்டுசென்று ஏற்றும் சேவையைத் தொடக்கினார். காயமுற்றோர் வரும்வரை காத்திராது, மருத்துவரே அவர்களிடம் செல்லவேண்டும் என்பது அவரது கொள்கையாயிற்று.

1938 இல் யப்பானியப் படையெடுப்புக்கு உள்ளான சீனாவுக்குச் சென்று, வூத்தாய் மலைப்பிரதேசத்திற் பணியாற்றினார். செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளில் நாட்கணக்கிற் சுமந்துவரப்பட்டோரின் புண்கள் சீழ்பிடித்திருந்தன. பயிற்சிபெற்ற மருத்துவர்களோ மிகச் சிலரே. அவர் அங்கு அமைத்த மாதிரி மருத்துவமனையும் யப்பானியப் படையினரால் அழிக்கப்பட்டது. ஆயினும் அவர் மனந்தளரவில்லை. சத்திரசிகிச்சைக் கருவிகளையும் மருந்துகளையும் கோவேறு கழுதைகளில் ஏற்றிச்செல்லும் நடமாடும் மருத்துவப் பிரிவை உருவாக்கினார். கிராமத்து இளைஞர்களுக்குப் புண்ணைச் சுத்தஞ்செய்தல், குருதிப்பெருக்கை நிறுத்தல், முறிந்த எலும்புக்குக் கட்டிடுதல் ஆகியவற்றைக் கற்பித்தார். அவர்களுக்காக எளிய கைந்நூல்களையும் எழுதினார். குருதி தேவைப்பட்டபோது தமது குருதியையும் வழங்கினார்.

1939 ஒக்ரோபர் இறுதியில், கையுறையின்றிச் சத்திரசிகிச்சை செய்கையில் அவரது விரலில் வெட்டுக்காயம் ஏற்பட்டது. அதனூடாகக் கிருமி குருதியிற் கலந்தது. அதனைக் குணப்படுத்தும் பெனிசிலின் மருந்து அன்று பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. நவம்பர் 12 ஆம் திகதி, தமது 49 ஆவது வயதில், ஹெபெய் மாகாண மலைக்கிராமமொன்றில் காலமானார்.

மருத்துவமனை என்பது கட்டடமன்று. பயிற்சிபெற்ற கைகளே என்பதனை அவரது வாழ்க்கை உணர்த்துகின்றது. ஆசான் மறைந்தபின்னரும் அவர் பயிற்றிய இளைஞர்கள் காயமுற்றோரைக் காத்து வந்தமை குறிப்பிடத்தக்கது.

வினாக்கள்
1. பெத்தியூன் மட்றிட்டில் தொடக்கிய சேவை யாது?
2. மலைப்பிரதேசத்தில் நடமாடும் மருத்துவப் பிரிவு தேவைப்பட்டமைக்கான காரணங்கள் இரண்டு தருக.
3. கிராமத்து இளைஞர்களுக்கு அவர் அளித்த பயிற்சியின் பயனை விளக்குக.