பூவரசம் பூவை ஆராய்ந்த தமிழர்

வேலியோரத்துப் பூவரசையும் அதன் இலையில் பீப்பீ செய்து ஊதியதையும் எங்களில் மறந்தவர்கள் குறைவு. மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவக்கும் அந்தப் பூவின் நிறப்பொருள்களை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் தி. ஆர். சேஷாத்திரி.

இவர் 1900ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளித்தலையில் பிறந்தார். தகப்பனார் பள்ளி ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனவியல் கற்று, மான்செஸ்ரரில் ரொபேட் ரொபின்சனின் கீழ் ஆய்வு செய்து 1929இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பூக்களின் நிறங்களில் ஆசிரியருக்கு இருந்த ஈடுபாடு மாணவரையும் பற்றிக்கொண்டது.

1934இல் வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், நாட்டுப் பருத்திப் பூக்களை ஆராய்ந்தார். கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரிந்தாலும், அதைத் தரும் சேர்வைகள் இனத்துக்கு இனம் வேறுபட்டன.

இரண்டாம் உலகப் போரில் படையினர் வளாகத்தை எடுத்துக்கொள்ள, பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. இடம்பெயர்வு என்னவென்று எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவரது ஆய்வு நிற்கவில்லை. பூவரசம் பூவை அவரது குழுவினர் ஆராய்ந்ததும் அந்த நாற்பதுகளிலேதான். பருத்திப் பூவில் முன்பே அறியப்பட்டிருந்த ஹேபசெற்றின் என்ற மஞ்சள் நிறப்பொருள் பூவரசிலும் இருந்தது.

பருத்தி செடி, பூவரசு மரம். எனினும் பூவின் அமைப்பைக் கொண்டு தாவரவியலாளர் இரண்டையும் செவ்வரத்தை, வெண்டி என்பவற்றோடு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தனர். அந்த உறவுக்கு நிறப்பொருள் இன்னொரு சாட்சியாயிற்று. ஆனால் உறவில்லாத செடிகளிலும் ஒரே நிறப்பொருள் காணப்படுவதுண்டு. ஒரு குணங்குறியை மட்டும் வைத்து வைத்தியர் நோயைத் தீர்மானிப்பதில்லை. அதுபோல, பல சேர்வைகளையும் செடியின் உருவ அமைப்பையும் சேர்த்துப் பார்த்தே உறவைச் சொல்லலாம்.

1949இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற சேஷாத்திரி, கல்லிலும் மரப்பட்டையிலும் படரும் இலைக்கன்களையும் ஆராய்ந்தார். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இலைக்கன் இனங்களைப் பிரித்தறிய அவற்றின் இரசாயனமே பெரிதும் உதவுகிறது. 1960இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். ஓய்வுபெற்ற பின்னும் ஆய்வைத் தொடர்ந்து, 1975இல் காலமானார்.

யாழ்ப்பாணத்தில் வேலிகள் மதில்களாகி வருகின்றன, பூவரசுகளும் குறைகின்றன. விஞ்ஞானம் கற்கும் எங்கள் தங்கைகள், எஞ்சியுள்ள வேலிச்செடிகளையும் பற்றைச்செடிகளையும் பெயரறிந்து பதிவு செய்யட்டும். அந்த அறிஞர் உலகறியும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது எங்கள் படலையடியில் நின்ற மரத்தின் பூவைத்தானே.