ராமானுஜன் படித்த ‘கிராஷ் கோர்ஸ்’: படுசுட்டிப் பிள்ளையின் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

வகுப்பில் நடத்தும் கணக்கெல்லாம் பிள்ளைக்குச் சப்பென்று இருக்கிறது. அடுத்து என்ன செய்வது? உடனே செல்போனை எடுத்து ஆன்லைன் கோர்ஸ் தேடுகிறோம். இரண்டு வகுப்பு மேலே உள்ள பாடம், நூற்றுக்கணக்கில் வீடியோ, முடித்தால் சான்றிதழ். இதில் எது சரி? இன்டர்நெட்டே இல்லாத காலத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது.

கையில் கிடைத்த புத்தகம்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. வருமானம் ரொம்பக் குறைவு. கல்லூரி மாணவர்கள் படித்த லோனியின் முக்கோணவியல் புத்தகத்தை, 13 வயதிலேயே கரைத்துக் குடித்துவிட்டார்.

1903 வாக்கில் இன்னொரு புத்தகம் இரவலாகக் கிடைத்தது. லண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்த ஜி.எஸ்.கார் என்ற ட்யூஷன் ஆசிரியர் தொகுத்தது. இன்றைய பாஷையில் சொன்னால், அது ஒரு ‘கிராஷ் கோர்ஸ்’ கைடு. ஏறக்குறைய 5,000 கணித முடிவுகள் வரிசையாக இருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது; இருந்தாலும் சின்னக் குறிப்புதான்.

சாதாரண மாணவருக்கு இது மனப்பாடப் புத்தகம். ராமானுஜனுக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு புதிர். இது எப்படி வந்தது என்று தானே யோசித்து, அங்கிருந்து புதிய முடிவுகளுக்குப் போனார். அந்த வகையில் அவருக்கு இதைவிடப் பொருத்தமான ‘கோர்ஸ்’ இல்லை.

எங்கே இடித்தது?

ஆனால், கணக்கை இப்படித்தான் எழுத வேண்டும் என்ற பழக்கத்தையும் அதே புத்தகம் கொடுத்துவிட்டது. காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் போட்டுப் பார்த்து அழித்துவிடுவார். நோட்டில் ஏறுவது முடிவு மட்டும்தான். வழிமுறை இருக்காது. ‘இந்த இடம் தப்பு’ என்று சொல்ல அந்த மட்டத்தில் பக்கத்தில் யாரும் இல்லை.

மற்ற பாடங்களும் கைவிட்டுப் போயின. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் ஃபெயிலாகி, உதவித்தொகை போச்சு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. டிகிரி இல்லை, வேலை இல்லை.

ஆள் கிடைத்த பிறகு

1910-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி.ராமசாமி ஐயரைச் சந்தித்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் பண உதவி செய்தார். 1911-ல் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் பல முடிவுகள் ஹார்டியை மலைக்க வைத்தன. ஆனால் பகா எண்கள் பற்றிய சில முடிவுகள் தவறு. அவற்றைச் சரியாகக் கையாளத் தேவையான கலப்பெண் சார்புகளின் கணிதம் ராமானுஜனுக்கு அறிமுகமே ஆகியிருக்கவில்லை. திறமையில் குறை இல்லை, பாடத்தில்தான் ஓட்டை.

1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் அவரை அரிச்சுவடியிலிருந்து படிக்கச் சொல்லவில்லை. அவருடைய வேகத்தைக் கெடுக்காமல், விட்டுப்போனதை மட்டும் சேர்த்துக் கொடுக்க முயன்றார்கள். 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் கிடைத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920 ஏப்ரல் 26-ல் இறந்தபோது வயது 32 மட்டுமே. சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தது, அந்தப் புத்தகம் கைக்கு வந்து பத்து வருஷம் கழித்துத்தான்.

பணம் கட்டும் முன்

பாடம் எவ்வளவு உயர்ந்த மட்டம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளை எழுதும் விடையை, வழிமுறையோடு யாராவது படிப்பார்களா? ‘ஏன்?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டா? பள்ளியின் மற்ற பாடங்களுக்கு நேரம் மிஞ்சுமா? இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையா? கோர்ஸோடு சேர்த்து, பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்கும் ஒரு கணக்கு வாத்தியாரையும் தேடுங்கள்.