கச்சிக் காப்பியமும் நல்லூர் நாவலரும்

கச்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடி அரங்கேற்றிய கந்தபுராணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொண்டது. தறியொலியும் கோயில் மணியொலியும் கலந்தொலிக்கும் காஞ்சி மாநகரில் பிறந்த அக்காப்பியம், கடல் கடந்து யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்டுதோறும் படிக்கப்பெற்றுப் பொருள் விரிக்கப்பெறும் நூலாயிற்று. அந்த மண்ணில் தோன்றியவர் ஆறுமுக நாவலர். அயலார் ஆட்சியில் ஒரு மொழியும் அதன் மரபும் தம்மை எங்ஙனம் காத்துக்கொண்டன என்பதை அவர்தம் வாழ்க்கை காட்டும்.

யாழ்ப்பாண அரசு 1619-இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1621-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்து அழிக்கப்பெற்றது. 1658-இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் ஆட்சியில் அரசுப் பதவிக்கும் சட்டம் ஏற்கும் திருமணத்துக்கும் திருமுழுக்கும் தேவாலயப் பதிவும் வேண்டியிருந்தன. மக்கள் ஏட்டில் கிறித்தவராயும் இல்லத்தில் சைவராயும் வாழ்ந்தனர். 1795-இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கட்டாயம் தளர்ந்தது, எனினும் புதிய பள்ளிகளும் அச்சுப்பொறியும் மிஷனரிமார் வசமே இருந்தன.

இச்சூழலில் நல்லூரில் 1822 டிசம்பர் 18-இல் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமிக்கும் மகனாகப் பிறந்தார் ஆறுமுகம். இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் பயின்றார். வெசுலிய மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்று அங்கேயே ஆசிரியருமானார். பள்ளித் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர் இந்தச் சைவ இளைஞரே. அயலார் வலிமை எதில் உள்ளது என்பதை அந்த ஆண்டுகளில் அவர் அருகிருந்து கண்டார். மேடைப் பிரசங்கம், வகுப்பு முறையில் அமைந்த பள்ளி, வினாவிடையாக அமைந்த சிறுநூல், மலிவாக அச்சிட்ட புத்தகம் ஆகியவையே அவை.

அக்கருவிகளை அவர் தம்மவர்க்கு உரியனவாக்கினார். 1847 டிசம்பர் 31-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிஷன் பள்ளிப் பணியைத் துறந்தார். 1849-இல் அச்சுப்பொறி வாங்கத் தமிழகம் வந்தபோது, திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது. பின்னர்ப் பாலபாடங்களும் சைவ வினாவிடையும் பெரியபுராண வசனமும் வெளிவந்தன. பரிமேலழகர் உரையுடன் திருக்குறளைப் பதிப்பித்தார். கச்சியில் பிறந்த கந்தபுராணமும் அவர் பதிப்பாக அச்சேறியது. ஏட்டில் உறங்கிய நூல்கள் மாணவர் கைக்கு எட்டின. நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்ட அவர் உரைநடை, புலவரல்லாதாரும் படித்தறியத்தக்க தெளிவுடையது. 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார்.

அவர் தொண்டு சமயத்தோடு நின்றுவிடவில்லை. 1877-இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். யாழ்ப்பாண அரசாங்க அதிபர் துவைனத்தின் நிர்வாகத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1879-இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்வதற்கு ஆதரவு திரட்டினார். அவ்வாண்டு டிசம்பர் 5-இல், இல்லறம் ஏலாமலே, தம் 56-ஆம் வயதில் மறைந்தார்.

இத்துணைப் பெரும்பணியிலும் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. சாதி வேற்றுமையை அவர் ஏற்றே எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவர் எழுப்பிய மறுமலர்ச்சியில் இடம் கிட்டவில்லை. அயலார் மூடிய கதவைத் திறந்தவர், தம்மவர் மூடிவைத்த கதவைத் திறவாது போனார். அவர் செம்மைப்படுத்திய உரைநடையையே கைக்கொண்டு, பின்வந்தோர் அக்கதவின்முன் நின்று நியாயம் கேட்டனர்.

குமரகோட்டத்துக் காப்பியத்தை ஈழம் ஏற்றுப் போற்றியது. ஈழத்து நாவலர் அதனை அச்சு நூலாக்கித் தமிழுலகிற்கு மீட்டளித்தார். காஞ்சிக் கவிஞர்கள் அக்கடனை நினைக்கும்போது, தாம் எழுதும் தமிழ் இன்னும் எவர் வாயிலை எட்டவில்லை என்பதையும் சேர்த்து நினைத்தல் தகும்.