அடிவானத்தை அளந்த அல்-பிரூனி

பூமி தட்டையானது என்று கூறும் காணொளிகள் எமது வட்ஸ்அப் குழுமங்களிலும் சுற்றி வருகின்றன. சிலவற்றுக்கு மார்க்கச் சாயமும் பூசியிருக்கிறார்கள். விஞ்ஞானம் கற்பிப்பவன் என்பதால் வகுப்பில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உம்ரா சென்று வந்த மாணவன் ஒருவன், விமான ஜன்னலால் பார்த்தபோதும் அடிவானம் நேர்கோடாகவே தெரிந்தது என்றான். அவன் சொன்னதில் பொய்யில்லை. 10 கிலோமீற்றர் உயரத்தில் வளைவு கண்ணுக்குப் பிடிபடுவது அரிது. ஆனால் அங்கே அடிவானம் கண்மட்டத்திலிருந்து சுமார் 3 பாகை கீழிறங்கி நிற்கும். அந்தத் தாழ்வை ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் ஒரு மலையுச்சியிலிருந்து அளந்தவர் அபூ ரைஹான் அல்-பிரூனி.

அவர் 973இல், இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள காத் நகரில் பிறந்தார். இளவரசரும் கணித மேதையுமான அபூ நஸ்ர் மன்ஸூர் அவரது ஆசான். 995இல் ஆட்சிச் சண்டை மூண்டபோது ஊரைவிட்டு ஓடினார். 997இல் ஒரே சந்திர கிரகணத்தை அவர் காத்திலும் அபுல் வஃபா பக்தாதிலும் பார்த்து, நேர வித்தியாசத்தைக் கொண்டு இரு நகரங்களின் நெடுங்கோட்டு வித்தியாசத்தைக் கணித்தார்கள். 1017இல் குவாரிஸ்மைக் கைப்பற்றிய சுல்தான் மஹ்மூத் அவரைக் கஸ்னாவுக்குக் கொண்டு சென்றார். விருந்தாளியாகவா, கைதியாகவா என்று பிரித்துச் சொல்வது கடினம். மறுவருடம் காபூல் அருகே கருவி எதுவுமில்லாமல் இருந்தபோது, ஒரு பலகையில் வட்டவில்லைக் கீறி, தூக்குநூல் கட்டிச் சூரியனை அளந்தார். ஆய்வுகூடத்தில் சாமான் இல்லையென்று நாம் பாடத்தை ஒத்திப்போடுவது ஞாபகம் வருகிறது.

பூமியின் அளவை அறிய, கலீஃபா மஃமூனின் ஆட்கள் முன்னர் பாலைவனத்தில் நெடுந்தூரம் நடந்து அளந்திருந்தார்கள். அல்-பிரூனிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில், நந்தனா கோட்டையருகே, பரந்த சமவெளியைப் பார்த்து நிற்கும் ஒரு மலையைக் கண்டார். முதலில் கீழே இரண்டு இடங்களில் கோணமெடுத்து மலையின் உயரத்தைக் கணித்தார். சுமார் 652 முழம். பிறகு உச்சியில் ஏறி அடிவானத்தின் தாழ்வை அளந்தார். அது ஒரு பாகையின் 60 பங்கில் 34 பங்கு. அரைப் பாகைக்குச் சற்றே அதிகம். உயரமும் இந்தக் கோணமும் கையிலிருந்தால் பூமியின் ஆரை வந்துவிடும். நம் பிள்ளைகள் படிக்கும் திரிகோணகணிதமே போதும். அவருக்கு வந்த விடை மஃமூன் காலத்து அளவான, பாகைக்கு 56 அரபு மைலுக்கு நெருங்கியிருந்தது.

பூமி உருண்டையென்று கண்டுபிடித்தவரே அவர்தான் என்று நம்மில் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அது பிழை. கிரேக்கர் முன்பே அறிந்திருந்தார்கள். இந்த மலை முறையைக்கூட மஃமூன் காலத்து ஸனத் இப்னு அலீயின் பெயரோடு சேர்த்தே அல்-பிரூனி எழுதுகிறார். மார்க்கத்தின் பெயரால் தட்டைப் பூமி பேசுவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1025இல் அவர் முடித்த நூலின் நோக்கம் கஸ்னாவின் கிப்லாவைச் சரியாகக் கணிப்பது. அந்தக் கணக்கு முழுவதும் உருண்டைப் பூமியின் மீதே நிற்கிறது.

மரணப் படுக்கையில், தம்மைப் பார்க்க வந்த சட்ட அறிஞரிடம் பாட்டிமாரின் வாரிசுப் பங்கு பற்றிய ஒரு கணக்கைக் கேட்டு விளங்கிக்கொண்டார் என்று யாகூத் பதிவு செய்திருக்கிறார். வந்தவர் விடைபெற்றுத் தெருவுக்கு இறங்கியபோதே வீட்டில் அழுகுரல் கேட்டதாம். 1050ஐ ஒட்டிய காலத்தில், கஸ்னாவில்.